ஸ க ப: பேஸ் பழகிய நாட்கள்

ஜூன் 9, திங்கள்

எங்கள் கச்சேரிக் குழுவில் பேஸ் கிதார் வாசித்த தம்பிக்குச் சிங்கப்பூர் வேலை உறுதியாகிவிட்டது. புதுக்கோட்டையில் இது புதுச் செய்தி இல்லை. எங்கள் டிரம்மர் ஒருவரும் முன்பு இப்படித்தான் போனார். கிளம்பும் முன் பேஸை என் கடைக்கே கொண்டுவந்து ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் சாய்த்துவிட்டு, "ஆடிக்கு நீங்க பாத்துக்கங்கண்ணே" என்றான். ஆடி முதல் வெள்ளிக்கு அன்னவாசல் பக்கம் ஓர் அம்மன் கோயிலில் கச்சேரி. முன்பணம் வாங்கியாகிவிட்டது. நான் வாசிக்கும் கிதார் இல்லாமல் சமாளிக்கலாம், பேஸ் இல்லாமல் முடியாது என்று கீபோர்டு அண்ணன் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

ராத்திரி கடை சாத்தியபின் எடுத்துப் பார்த்தேன். ஈ, ஏ, டி, ஜி என்று நான்கே கம்பி. கிதாரின் தடித்த நான்கு கம்பிகள்தான், ஒரு ஸ்தாயி கீழே. கிதாரின் கீழ் ஈ நொடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிரும். இதில் 41. சி கார்டை அப்படியே பிடித்து மொத்தமாக மீட்டினால் கொழகொழவென்று ஓர் உறுமல்தான் வருகிறது, சுரம் எதுவும் பிரிந்து கேட்கவில்லை.

ஜூன் 11, புதன்

திருக்கோகர்ணத்தில் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூட நாளில் எனக்குக் கிதார் சொல்லிக்கொடுத்தவர். காது இப்போது கொஞ்சம் மந்தம், ஆனால் சுருதி விலகினால் மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது.

"சி மேஜர்ல என்னென்ன சுரம் இருக்கு, சொல்லு தம்பி."

விரல்களைக் காற்றில் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. அவர் சிரித்தார். "கிதார்காரங்க எல்லாருக்கும் இதே கதைதான். வெரலுக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. பேஸ்ல அது ஆகாது."

கீழ்ஸ்தாயியில் நெருக்கமான சுரங்கள் ஒன்றாக ஒலித்தால் அதிர்வுகள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கிவிடும். அதனால் பேஸ் பெரும்பாலும் கார்டைச் சேர்த்து வாசிப்பதில்லை, ஒவ்வொரு சுரமாகப் பிரித்துச் சொல்லும். இப்படிப் பிரித்து வாசிக்கும் ஆர்பெஜியோ கிதாரில் அழகுக்கு, பேஸில் அதுதான் பிழைப்பு என்றார் மாஸ்டர்.

அவர் காட்டிய சி மேஜர் வடிவம் இது, சி-யை ஸ என்று வைத்து. ஏ கம்பி மூன்றாவது ஃப்ரெட்டில் நடுவிரல், அது ஸ. டி கம்பி இரண்டில் ஆள்காட்டி விரல், க. அதே கம்பி ஐந்தில் சுண்டுவிரல், ப. ஜி கம்பி ஐந்தில் மறுபடி சுண்டுவிரல், மேல் ஸ. மைனர் என்றால் காந்தாரம் ஒரு ஃப்ரெட் இறங்கும். அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகும், அவ்வளவே. அப்போது ஏ கம்பியிலேயே மூன்றில் ஆள்காட்டி விரல், ஆறில் சுண்டுவிரல்.

பேஸில் கம்பிக்குக் கம்பி இடைவெளி ஒன்றுதான். ஆகவே இந்த வடிவத்தை எங்கே நகர்த்தினாலும் உருக்குலையாது. கிதாரில் ஜி-க்கும் பி-க்கும் நடுவில் அரைச்சுரம் ஒன்று குறைவதால் அங்கே வடிவம் உடைந்துவிடும். இத்தனை வருஷம் அதை மனப்பாடமாகவே கடந்திருக்கிறேன்.

ஜூன் 14, சனி

இடது கை வந்துவிட்டது. வலது கைதான் சண்டை. ஆள்காட்டி, நடுவிரல் மாறி மாறி வர வேண்டும். கம்பி மாறும்போது ஒரே விரல் இரண்டு முறை வந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய வேலை அடக்குவது. ப வாசிக்கும்போது முந்தைய ஸ இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தால் மறுபடி அதே உறுமல்தான். வாசிப்பது பாதி, வாசித்த சுரத்தை நிறுத்துவது பாதி.

ஜூன் 22, ஞாயிறு

அக்கா மகள் வீணை கற்றுக்கொள்கிறாள். குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெயில் ஏறும் முன் வண்டியில் கிளம்பிவிட்டோம். இருபது கிலோமீட்டர்தான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் நான் சிகாநாதர் கோயிலின் சிற்பங்களைப் பார்த்ததோடு திரும்பிவிடும் ஆள். பின்னால் மேலைக்கோயில் குடைவரைக்கு அருகில், பாறைச் சரிவில், சுவர் அளவுக்கு விரிந்து கிடக்கிறது அந்த எழுத்து.

பல்லவ கிரந்தம் எங்கள் இருவருக்கும் படிக்கத் தெரியாது. அவள் அச்சுப் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். 1904-இல் கண்டறியப்பட்டு, சுமார் பத்தாண்டு கழித்து பி. ஆர். பண்டார்கர் எபிகிராஃபியா இண்டிகாவில் வெளியிட்ட கல்வெட்டு இது. மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என்று ஏழு பகுதி. மொத்தம் 38 வரி சுரம். ஒவ்வொரு வரியிலும் நான்கு நான்கு சுரமாகப் பதினாறு தொகுதி. பாட்டு இல்லை, சாகித்தியம் இல்லை. ர, ரி, ரு, ரெ என்று ஒரு சுரத்துக்கே நான்கு உயிர் ஏற்றி எழுதியிருக்கிறார்கள். அது சுருதி நுட்பமா, மீட்டும் முறையா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

"மாமா, கடைசி சுரத்தை மட்டும் பாருங்க" என்றாள். ஒரு வரியில் எல்லாத் தொகுதியும் ஒரே சுரத்தில் வந்து முடிகிறது. அடுத்த வரியில் இறங்கும் இடம் வேறு.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்றெல்லாம் எழுத மாட்டேன். ஆனால் இது பயிற்சிப் பாடம் என்பது வாசிக்கிறவனுக்கு உடனே புரிந்துவிடுகிறது. கல்வெட்டின் முடிவிலேயே அது இருக்கிறது: ருத்ராசாரியரின் மாணவனான, சிவபக்தனான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று. அரசனின் பெயர் இல்லை. மகேந்திரவர்மன் என்பது ஊரில் சொல்லும் வழக்கம், ஆய்வாளர்களில் பலர் ஏற்பதில்லை. எழுத்து ஏழாம் நூற்றாண்டுச் சாயல். இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று கடைசியில் தமிழில் ஒரு வரி வேறு. திருமயத்திலும் இதுபோல் ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் நடந்த வழக்கின் தீர்ப்பை வெட்ட இடம் வேண்டி, அதைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது கொஞ்சம். அங்கே பரிவாதினி என்ற சொல் இருக்கிறது. ஏழு கம்பி வீணையின் பெயர்.

ஜூன் 24, செவ்வாய்

குடுமியான்மலையில் இருப்பது ஆர்பெஜியோ இல்லை. கார்டு என்ற எண்ணமே அங்கே கிடையாது. இரண்டையும் ஒன்றாக்கிப் பெருமை பேசுவது வாட்ஸ்அப் வேலை. ஆனால் அந்த முறையைக் கடன் வாங்கலாம் அல்லவா? சி கார்டின் மூன்று சுரத்தை வைத்து நான்கு நான்காக எழுதினேன். எல்லாம் ஸ-வில் முடிகிற ஒரு வரி: க ப க ஸ, ப க ப ஸ, ஸ ப க ஸ. பிறகு எல்லாம் க-வில் முடிகிற வரி, அதன்பின் ப-வில் முடிகிற வரி.

இதுவரை ஆர்பெஜியோ என்றால் படியேறி இறங்குவதாகத்தான் பழகினேன். இறங்கும் இடத்தைக் கட்டிவைத்ததும் வாசிப்பே வேறாகிவிட்டது. கீபோர்டு சி கார்டைப் பிடித்திருக்க, பேஸ் ஸ-வில் நின்றால் பாட்டு உட்கார்ந்துவிடுகிறது. அதே கார்டில் க-வில் நின்றால் எங்கேயோ கிளம்பத் தயாராகிறது. கார்டு மாறவில்லை, மாற்றியது பேஸ்.

மாஸ்டரிடம் போனில் சொன்னேன். அவர் ஜூலியானி புத்தகத்தை எடுக்கச் சொன்னார். இத்தாலிக்காரர் மௌரோ ஜூலியானி 1812-இல் வியன்னாவில் வெளியிட்ட கிதார்ப் பயிற்சி, 120 ஆர்பெஜியோ. அத்தனைக்கும் சி, ஜி செவன் என்று இரண்டே கார்டு. இடது கைக்கு வேலையே வைக்காமல் வலது கைக் கட்டைவிரலையும் மூன்று விரல்களையும் மட்டும் வரிசை மாற்றி மாற்றி ஓட்டுகிறார். ஒன்றை நிறுத்திவைத்து மற்றொன்றை மாற்றுவது, பாறையில் வெட்டியவரின் வழியும் அதுதான்.

ஜூலை 2, புதன்

ஒத்திகை. "பயணங்கள் முடிவதில்லை" (1982) படத்தின் "இளைய நிலா" பட்டியலில் இருக்கிறது. தொடக்கக் கிதார் முழுக்கப் பிரித்து மீட்டும் கார்டுகள்தான். கிதார் வாசித்தவர் சந்திரசேகர், பேஸ் சசிதரன். எல்லோருக்கும் கிதார்தான் காதில் நிற்கும். பேஸை மட்டும் தனியாகக் கேட்டுப் பழக இரண்டு ராத்திரி போனது. இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் கற்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிதார் தேர்வில் தேறியவர். அவர் பாட்டுகளில் பேஸ் வேலைக்காரனாக நிற்காமல் இரண்டாவது பாடகனாகப் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இடைவேளையில் அக்கா மகள் கேட்ட கேள்வியைக் கீபோர்டு அண்ணனிடம் போட்டேன். ஹம்சத்வனியில் கார்டு எது? ஸ ரி க ப நி. ஏழு சுர வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கினால் ஸ க ப நி ரி. சி மேஜர் நைன் கார்டு முழுசாக வந்துவிடுகிறது, மிச்சம் ஒரு சுரம் இல்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் உருவாக்கிய ராகம். அவர் கார்டை நினைத்திருக்க மாட்டார். கீபோர்டு அண்ணன் டீயை வைத்துவிட்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டார். ஒத்திகை அரைமணி தாமதம்.

ஜூலை 10, வியாழன்

கரண்ட் இல்லை. ஆம்ப் இல்லாமல் பேஸை மடியில் வைத்துப் பாடிக்கொண்டே வாசித்தேன். சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. இன்றுதான் எஃப், ஜி, ஏ மைனர் மூன்றிலும் யோசிக்காமல் சுரம் வாயில் வந்தது.

ஜூலை 19, சனி

நேற்றுக் கச்சேரி. பத்து மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது, கரகம் வந்து சேர்ந்தபின் பதினொன்றாகிவிட்டது. பாடுகிற தங்கச்சிக்குத் தொண்டை நன்றாக இருந்ததால் மேடையிலேயே, "அண்ணே, அரைக்கட்டை ஏத்திக்கலாம்" என்றாள். கீபோர்டுக்கு ஒரு பட்டன். நான் கையை ஒரு ஃப்ரெட் நகர்த்தினேன், வடிவம் அதே வடிவம். "இளைய நிலா"வில் முக்கால்வாசி ஸ, ப தவிர வேறெதையும் தொடவில்லை. திருப்பங்களில் மட்டும் க. பாக்ஸ்காரர் முடிந்ததும் வந்து பேஸ் தெளிவாக இருந்தது என்றார், அவர் சாதாரணமாக எதையும் சொல்கிற ஆள் இல்லை.

குழுவில் சேர ஒரு கல்லூரிப் பையன் வந்திருந்தான். சர்ச்சில் கிதார் வாசிக்கிறவன், பேஸ் கற்க ஆசை. எந்த ஆப், எந்தப் புத்தகம் என்று கேட்டான். இரண்டும் அப்புறம் என்றேன். முதலில் ஒரே ஒரு கார்டு, ஸ க ப. வாயால் பாடிக்கொண்டு வாசி. நான்கு நான்காகக் கட்டி, ஒரு வாரம் ஸ-வில் முடி, அடுத்த வாரம் க-வில், அதற்கடுத்து ப-வில். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடுமியான்மலை போய்விட்டு வா.