கறுப்புப் பலகை வண்டியில் தென்கோவா

கோவாவில் வாடகை வண்டியை அதன் எண் பலகையே காட்டிக்கொடுத்துவிடும். கறுப்புப் பலகை, மஞ்சள் எழுத்து. மட்காவ் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும், வெள்ளைப் பலகை மாட்டிய சொந்த வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்று யாராவது வந்து நிற்பார்கள். வாங்காதீர்கள். வாடகைக்கு விட அனுமதியில்லாத வண்டி அது. போலீஸ் நிறுத்தினால் அபராதம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் கைவிரித்துவிடுவார். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் கறுப்புப் பலகை வண்டியையே எடுங்கள். முன் பிரேக்கையும் டயரையும் சோதியுங்கள். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் கீறல்களை, உரிமையாளர் பக்கத்தில் நிற்கும்போதே கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். டேங்கில் அநேகமாக ஒன்றும் இருக்காது. முதலில் பெட்ரோல் பங்க்குக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

பெரும்பாலோர் எடுப்பது கியர் இல்லாத ஸ்கூட்டர். நான் 150 சிசி கியர் வண்டி கேட்டேன். நான் போக நினைத்த சாலை, பேத்தூலைத் தாண்டியதும் மேடேறும். கோவாவின் கடற்கரைகளை முன்பே பார்த்திருக்கிறேன். ஒரு கடற்கரைக்கும் அடுத்ததற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்த முறை வண்டி.

நான் தங்கிய பெனாலிமில் விடியற்காலையில் முதலில் கேட்பது ரப்பர் ஹாரன் சத்தம். ரொட்டிக்காரரான போதேர் வருகிறார். சைக்கிளின் பின்னால் பெரிய கூடை, அதில் சூடு ஆறாத ரொட்டி. கோதுமைத் தவிடு தூவிய, உள்ளே காற்றாய் உப்பிய 'போய்' எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் காலத்தில் மாவைப் புளிக்க வைக்கக் கள் ஊற்றினார்களாம். இப்போது அநேகமாக எல்லாரும் ஈஸ்டுக்கு மாறிவிட்டார்கள். வெறும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே மணலுக்கு நடந்தேன். அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே அதற்கு ராம்போன் என்று பெயர். இரண்டு வரிசை ஆட்கள், இரண்டு வடம், நடுவே கடலில் விரிந்து கிடக்கும் வலை. நம் கிழக்குக் கரையில் பார்த்த அதே இழுப்பு, அதே சாய்ந்த முதுகுகள்.

இந்த வலைக்காரர்கள் நாட்டின் மீனவர் வரலாற்றில் பெரிய இடம் பிடித்தவர்கள். 1970களில் இழுவைப் படகுகள் கரைக்கு மிக அருகில் வந்து மீனை அள்ளத் தொடங்கியபோது, ஆசிரியராக இருந்த மத்தானி சல்டானாவின் தலைமையில் ராம்போன்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். கட்டுமரம், நாட்டுப்படகு மீனவர்களுக்கான தேசிய அமைப்பு 1978இல் உருவானதற்குப் பின்னால் அந்தப் போராட்டமும் இருக்கிறது. கரையிலிருந்து இத்தனை தூரம் சிறு மீனவர்களுக்கே என்று பல மாநிலங்களில் சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். வடம் இழுத்த ஒரு பெரியவரிடம் மீன் எப்படி என்று கேட்டேன். வலையைக் காட்டினார். அடியில் கையளவு மத்தி, சில நண்டு.

வர்கா, கவெலோசிம் என்று தெற்கே போகப் போக ஒரு பக்கம் பெரிய ஓட்டல்களின் மதில், மறுபக்கம் வயல். வலப்புறம் மட்டும் பார்த்துக்கொண்டு போகிறவருக்கு இது இன்னொரு சுற்றுலா ஊர். இடப்புறம் திரும்பினால் சால் ஆறு. கவெலோசிமில் ஆற்றைக் கடக்கப் படகுத்துறை. பெயின்ட் உதிர்ந்த தட்டையான இரும்புப் படகு வந்து முட்டியதும் பள்ளிப் பிள்ளைகள், மீன் கூடைகள், கார்கள், பைக்குகள் எல்லாம் ஒன்றாக ஏறும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டு, கைப்பிடியை விடாமல் நிற்க வேண்டும். சில நிமிடத்தில் அசோல்னா கரை.

அங்கே வண்டியை ஓரங்கட்டினேன். நான் தேடி வந்தது அங்கேதான் இருந்தது.

ஆற்றின் இரு கரையிலும் விரிந்து கிடப்பது கஸான் நிலம். உப்புத் தண்ணீர் தினமும் ஏறி இறங்கும் சதுப்பை, களிமண்ணும் கல்லும் வைத்துக் கரை கட்டி வயலாக்கியிருக்கிறார்கள். போர்ச்சுகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தொடங்கிய வேலை இது. கரைக்கு வெளியே அலையாத்திக் காடு. அதன் வேர்கள் அலையின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். கரையில் ஆங்காங்கே மானோஸ் என்னும் மதகு. அதன் மரக் கதவுகள் செய்யும் வேலையை நான் வெகுநேரம் நின்று பார்த்தேன். ஓதம் ஏறும்போது ஆற்று நீர் வெளியிலிருந்து தள்ளும். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். ஓதம் வற்றும்போது உள்ளே தேங்கிய நீர் தள்ளும். கதவு திறந்து வழி விடும். மோட்டார் கிடையாது, இழுக்க ஆள் கிடையாது. நிலவின் இழுப்பே வேலையாள். வெளியேறும் நீரில் வலை கட்டினால் இறாலும் மீனும் விழும். மழைக்காலத்தில் மழை நீர் உப்பைக் கழுவியதும் கொர்குட் நெல் போடுவார்கள். உப்பு கொஞ்சம் மிஞ்சினாலும் தாங்கி வளரும் ரகம் அது.

இத்தனையும் ஊரார் கூடிப் பார்த்துக்கொண்ட ஏற்பாடு. கிராமச் சபை கரையைப் பழுது பார்த்தது, மதகு மீன்பிடிப்பை ஏலம் விட்டது. மதகருகே வலையை உதறிக்கொண்டிருந்தவரிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். "கரை ஒரு இடத்தில் உடைந்தால் போதும், அண்ணா. உப்பு ஏறிய வயலை மறுபடி மீட்க வருஷக்கணக்கில் ஆகும்" என்றார். அவர் காட்டிய திசையில் ஒரு வயல் முழுக்க நீரில் கிடந்தது. இறாலுக்காக வேண்டுமென்றே மதகைத் திறந்து விடுகிறவர்களும் உண்டாம். விவசாயம் செய்ய ஆள் இல்லாத வயலில் கரையைக் கட்டிக்காப்பது யார்? எனக்கு மனம் கனத்தது. கடலை எவ்வளவு உள்ளே விடுவது, எந்த நேரத்தில் விடுவது என்று ஓர் ஊரே கணக்கு வைத்திருந்த நிலம் இது. ஓட்டல் ஜன்னலில் தெரியும் பச்சை அந்தக் கணக்கின் மிச்சம்.

அசோல்னாவில் இன்னொரு நினைவும் உண்டு. 1583இல் குங்கோலிம், அசோல்னா, வெலிம் முதலிய ஊர்கள் தங்கள் கோயில்கள் இடிக்கப்பட்டதற்கு எதிராக எழுந்தன. பாதிரியார்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு பேச்சுவார்த்தை என்று ஊர்த் தலைவர்களைக் கோட்டைக்கு அழைத்துப் போர்ச்சுகீசியர் கொன்றார்கள். தலைவர்களுக்குக் குங்கோலிமில் நினைவிடம் இருக்கிறது. சாலையோரப் பெயர்ப் பலகைகளில் இந்த ஊர்ப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

பேத்தூல் துறைமுகத்து மீன் வாசனையைக் கடந்ததும் ஏற்றம். இரண்டாவது கியர். செம்புராங்கல் மேட்டில் முந்திரி மரங்கள், காய்ந்த புல், திடீரென்று கீழே கடல். வளைவுகளில் செம்மண் தூளும் சரளையும் சிதறிக் கிடக்கும். முன் பிரேக்கை அங்கே தொடாமலிருப்பது நல்லது. காபோ த ராமா கோட்டைக்குப் பெயர் ராமரால் வந்தது. வனவாசத்தில் இங்கே தங்கினார் என்பது ஊர் நம்பிக்கை. சோந்தா அரசரிடமிருந்து 1763இல் போர்ச்சுகீசியர் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் 1955 வரை சிறையாக இருந்தது. உள்ளே ஒரு வெள்ளைத் தேவாலயம் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. மதில் மேல் நின்றால் காற்று ஹெல்மெட்டைப் பிடுங்கும்.

அகோண்டாவில் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டேன். தேங்காயும் கோக்கமும் சேர்ந்த புளிப்பு, கூடவே ரவை தூவிப் பொரித்த வஞ்சிரம். பாலோலேமில் நிற்கவில்லை, அதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம்.

தல்போனா ஆற்றைத் தாண்டிக் கல்ஜிபாகா போய்ச் சேர்ந்தபோது சவுக்குத் தோப்பில் நிழல் நீண்டிருந்தது. நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் இந்த மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிடும். ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டை. வனத்துறையினர் முட்டைகளுக்கு வேலி போட்டுக் காவல் இருக்கிறார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரியும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண். வெளியே வந்த குஞ்சு, இரவில் வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கையில் அது கடலின் பக்கம். கரையில் விளக்கு எரிந்தால் சாலைக்கு ஓடிச் செத்துப்போகும். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவு முழுக்க நடந்து முட்டைகளைக் காப்பதும் இந்த ஆமைக்காகத்தான்.

அதனால்தான் வாடகை வண்டியைப் பற்றி இதை அழுத்திச் சொல்கிறேன்: மணலில் இறக்காதீர்கள். கோவாவில் கடற்கரையில் வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம். அலையோரம் பைக் ஓட்டிப் படம் எடுத்துப் போடுகிறவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. டயர் அமுக்கிய மணலைக் குஞ்சால் கிளறி மேலே வர முடியாது. டயர் தடத்தின் பள்ளத்தில் விழுந்தால் ஏறவும் முடியாது. தோப்பின் ஓரத்திலேயே நிறுத்தி, ஹெட்லைட்டை அணைத்துவிட்டு நடப்பது பெரிய சிரமம் இல்லை.

வேலிக்கருகே ஒரு காவலர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு குழிக்கும் முன்னால் ஒரு சின்னப் பலகை, அதில் முட்டையிட்ட தேதி, எண்ணிக்கை. போன வாரம் நாய்கள் தோண்டப் பார்த்ததைச் சொன்னார். ஊரார் சிலர் இரவுக் காவலுக்குத் துணை வருவதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. மூத்த குழி எது என்று கேட்டேன். மூலையில் இருந்த பலகையைத் தொட்டுக் காட்டினார்.

"இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். ராத்திரி வாங்க, டார்ச் கொண்டு வராதீங்க."

மட்காவில் வண்டியைத் திருப்பித் தர வேண்டிய தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்க, சிக்னல் கிடைக்கும் இடம் தேடிப் பாலத்தின் மேல் ஏறினேன்.