மழைக்காலத்தில் மரக்காணம்

நார்வே தேசத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அங்குள்ள 'ப்யோர்டு'களைப் புகழாதவர் இல்லை. பூர்வ காலத்தில் பனியாறுகள் மலைகளைக் குடைந்து பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. பனி உருகியபின் அவற்றில் கடல் புகுந்துகொண்டது. ஸோக்னே ப்யோர்டு என்பது 200 கிலோமீட்டருக்கு மேல் நீளமும் 1,300 மீட்டர் வரை ஆழமும் உடையது. அத்தேசத்தின் மேற்குக் கரையிலுள்ள பெர்கன் நகரமோ ஓயாத மழைக்குப் பேர்போனது. ஜனங்கள் ஏராளமாகப் பணம் செலவழித்து அங்கே போய் நனைந்துவிட்டு வருகிறார்கள். திண்டிவனத்தில் தூறல் விழுந்தால் நாம் ஜன்னலைச் சாத்துகிறோம்!

கடல் நிலத்துக்குள் விருந்தாளியாக வந்து தங்கும் காட்சி நம் ஜில்லாவிலும் உண்டு. திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரம் சென்றால் மரக்காணம். அதன் தெற்கே பரந்து கிடப்பது கழுவேலி. தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்தபடி பெரியது இதுதான் என்பர். உப்புக்கழி என்னும் ஓடை வழியாகவும் இடையன்திட்டுக் கழிமுகம் வழியாகவும் இது வங்கக் கடலோடு உறவாடுகிறது. மலை இல்லை, பாதாள ஆழம் இல்லை, ஆளுயரத் தண்ணீர்கூட இல்லாத இடங்களே அதிகம். ஆயினும் அதன் அழகு தனி அழகு.

கார்த்திகை மாதத்து அடைமழை சற்றே ஓய்ந்த ஒரு நாளில் நண்பர்கள் இருவருடன் நாம் அங்கே சென்றிருந்தோம். வானமும் நீரும் ஒரே சாம்பல் நிறம். இரண்டும் சேரும் கோட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நடுவே கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்தன. மஞ்சள் மூக்கு நாரைகள் ஒற்றைக் காலில் தவம் செய்தன. தண்ணீர் வடியத் தொடங்கியதும் பூநாரைகளும் வருமாம். இத்தகைய விருந்தாளிகளை முன்னிட்டே 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் 5,000 ஹெக்டேருக்கு அதிகமான இந்தப் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

சரித்திரப் பெருமைக்கும் குறைவில்லை. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமும், கிரேக்க மாலுமியின் குறிப்பிலுள்ள 'ஸோபட்மா' என்ற துறைமுகமும் மரக்காணமே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். அந்நூலின் தலைவனான நல்லியக்கோடனின் கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியே இருக்கிறது. வடக்கே கடப்பாக்கத்தருகே ஆலம்பரைக் கோட்டை இடிந்து நிற்கிறது. 1750-ல் அது டூப்ளேயின் கைக்கு வந்தது. 1760-ல் ஆங்கிலேயர் அதைத் தகர்த்தனர்.

ஆனால் அன்று நம் மனத்தைக் கவர்ந்தது கோட்டையன்று, உப்பளம். பாத்திகள் யாவும் மழைநீரில் மூழ்கிக் கிடந்தன. வரப்பின்மீது குடையின்றி நின்ற ஒரு பெரியவரிடம், "இந்த மழையில் வேலை எப்படி, ஐயா?" என்று விசாரித்தோம்.

"வேலை ஏதுங்க, வாத்தியாரையா? தை பொறந்து வெயில் ஏறினாத்தான் பாத்தி கட்டணும். அதுக்காக மழையை வையலாமுங்களா? ஏரி ரொம்பணுமே!" என்றார்.

ஐப்பசி முதல் மார்கழி வரை உப்பளத் தொழிலாளிக்குப் பிழைப்பு இல்லை. அரசாங்கம் மழைக்கால நிவாரணமாக ரூ.5,000 கொடுக்கிறது. ஒரு குடும்பம் எத்தனை நாள் அதைக்கொண்டு அடுப்பெரிக்கும் என்பதை இல்லறம் நடத்துவோர் கணக்கிட்டுக்கொள்ளலாம். 1930-ல் வேதாரணியத்தில் ராஜாஜியும் தொண்டர்களும் உப்பு அள்ளிச் சிறை சென்றதை வகுப்பில் பெருமிதத்தோடு போதிக்கிறோம். அந்த உப்பை விளைவிப்பவருடைய மழைக்கால அடுப்பைப் பற்றியும் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

மழையை வையாத அப்பெரியவரின் சொல்லில் பெரிய நியாயம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகளின் மிகைநீர் முடிவில் கழுவேலியைத்தான் வந்தடைகிறது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறிய பெஞ்சல் புயலின்போது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் ஜில்லா முழுவதும் வெள்ளக்காடாயிற்று. இத்தகைய நாளில் வெள்ளத்தைத் தாங்கிக் கடலுக்கு அனுப்பும் பெரும் பாத்திரம் இந்த ஏரி. அதன் ஓரங்களைப் பயிருக்கும் இறால் பண்ணைக்கும் வளைத்துக்கொண்டே போனால், இடமில்லாத தண்ணீர் நம் தெருக்களைத் தேடித்தான் வரும்.

ஆகவே நேயர்கள் வெளிநாட்டுப் படங்களைக் கண்டு பெருமூச்சு விடுவதோடு நில்லாமல், வரும் மழைக்காலத்தில் ஒரு நாள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு மரக்காணம் போய் வரவேண்டும். குடையும் கட்டுச்சோறும் அவசியம். பறவைகளைக் கலைக்காமல் கரையிலிருந்தே பார்ப்பது நலம். உப்பளத்து வரப்பில் யாரேனும் நின்றால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். வீட்டு உப்பு ஜாடிக்குள் இருப்பது யாருடைய உழைப்பு என்பதைக் குழந்தைகள் தெரிந்துகொள்ளட்டும்.