விழக் கற்ற நாள்கள்

இளமையில் நாங்கள் நால்வர், நகரத்து ஆசிரியர் ஒருவரிடம் ஜூடோ பயிலச் சென்றோம். எதிரியைத் தூக்கி எறியும் வித்தை விரைவில் கைவந்துவிடும் என்று எண்ணியிருந்தோம். அவரோ முதல் மூன்று வாரங்கள் விழுவதற்கு மட்டுமே பழக்கினார். முகவாயை மார்போடு சேர்த்து, முதுகை வளைத்து, கையைப் பாயில் ஓங்கி அறைந்து விழ வேண்டும். "விழத் தெரியாதவன் அஞ்சுவான், அஞ்சுகிறவன் முரண்டு பிடிப்பான்" என்பார் அவர். அன்று அது எங்களுக்குச் சலிப்பாகவே இருந்தது.

ஜூடோ என்பதற்கு மென்மையின் வழி என்று பொருள். அதை உருவாக்கியவர் ஜப்பானியக் கல்வியாளர் ஜிகோரோ கானோ (1860 - 1938). பழைய ஜூஜுட்சு மரபுகளைக் கற்ற அவர், 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி ஆலயத்தில், 12 பாய்கள் விரித்த இடத்தில் தம் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பத்துப் பங்கு வலிமை உடையவன் தள்ளும்போது, ஏழு பங்கு உடையவன் எதிர்த்து நின்றால் வீழ்வது உறுதி. அவன் தள்ளும் திசையிலேயே சற்றுப் பின்வாங்கினால், தள்ளியவனே நிலை தடுமாறுகிறான். அப்போது ஏழில் பாதியே போதும் என்று கானோ விளக்கினார். ஆற்றலை நன்முறையில் பயன்படுத்துதல், தானும் பிறரும் ஒருங்கே வளம் பெறுதல் ஆகிய இரண்டும் அவர் வகுத்த நெறிகள். தன் உடலை நம்பி ஒப்படைக்கும் துணைவன் இன்றி எவரும் இக்கலையைக் கற்க இயலாது. ஆகவேதான் பயிற்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் இருவரும் ஒருவரையொருவர் வணங்குகின்றனர்.

ஆண்டுகள் பல கடந்தபின், அதே நால்வரும் ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் எழுத அமர்ந்தோம். நிலத்தை இழந்து ஊரைவிட்டுப் போகும் உழவன், விற்றுவிட்ட மாட்டோடு இரவில் பேசுவதாக எங்களில் இளையவர் ஒரு காட்சி எழுதி வந்தார். "மாட்டோடு பேசினால் கூட்டம் எழுந்து போய்விடும்" என்று சொல்லி மற்ற மூவரும் நகைத்தோம். அவர் தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து சென்றார். இரண்டு வாரங்கள் வரவேயில்லை.

அப்போதுதான் ஆசிரியர் கற்பித்த மற்றொரு பாடம் நினைவுக்கு வந்தது. எறிகிறவன், துணைவனின் உடல் பாயைத் தொடும்வரை அவனது சட்டைக் கையை விடலாகாது. அந்தப் பிடியே அவன் தலை தரையில் மோதாமல் காக்கிறது. நாங்கள் நண்பரை எறிந்தோம், பிடியையும் விட்டுவிட்டோம்.

மூவரும் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். காட்சியை மீண்டும் படிக்கச் சொன்னோம். இம்முறை எவரும் எதிர்த்து நிற்கவில்லை. அவர் போகும் திசையிலேயே உடன் சென்றோம். "அந்த மாட்டுக்கு என்ன பெயர்?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், தம் தந்தை கடனுக்காக விற்ற மாட்டின் பெயரைச் சொன்னார். நாங்கள் எதைக் கண்டு நகைத்தோம் என்பது அப்போதுதான் விளங்கியது.

அந்தக் காட்சியே நாடகத்தின் உயிராயிற்று. நீண்டிருந்த உரையில் பாதியை அவரே தம் கையால் அடித்தார். எங்களில் மூத்தவர் ஆசையோடு எழுதிய முன்னுரைக் காட்சி தேவையில்லை என்று முடிவானபோது, விழவேண்டிய முறை அவருக்கு வந்தது. அந்த வயதில் விழுவது எளிதன்று. ஆயினும் விழுந்தார், எழுந்தார், மறுநாளும் வந்தார். இன்று அந்த நாடகத்தில் எந்த வரி எவருடையது என்று பிரித்துச் சொல்ல எங்களால் இயலாது.

இணங்குதல் என்பது எல்லாவற்றுக்கும் தலையசைப்பதன்று. குறையைக் குறையென்று சொல்லத்தான் வேண்டும். சொல்லும்போது நம் கை எதைப் பற்றியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்வோம்.