குஞ்ஞாலி மரக்காரைக் கொன்றது யார்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் குஞ்ஞாலி மரக்கார் செத்துப் போனார். கொன்றது சாட்சாத் அடியேன்தான். பதறாதீர்கள், விளையாட்டில்தான். ஆனால் அதற்கப்புறம் ஒரு வாரம் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்பது விளையாட்டில்லை.

தெரியாதவர்களுக்காக: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று ஒரு ஆட்டம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-ல் வெளிவந்தது. ஆளுக்கொரு வேஷம். ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். கூத்து வாத்தியார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரே வித்தியாசம், இங்கே முடிவு வாத்தியாருக்கும் தெரியாது. நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும்.

லீவு நாளில் பிள்ளைகள் போனும் கையுமாகவே இருக்கிறார்களே என்று ஆரம்பித்தது. என் மகள், மாடி வீட்டு குஜராத்திப் பையன், எதிர்வீட்டு கொங்கணி அக்கா-தம்பி, ஆக நாலு பேர். பேச்சு மலையாளமும் இங்கிலீஷும். கோபம் வந்தால் மட்டும் அவரவர் தாய்மொழி :-) மகளின் வேஷம் மந்திரக்காரி நாகவல்லி. குஜராத்திப் பையன் எடுத்துக்கொண்டது கடல் தளபதி குஞ்ஞாலி மரக்கார்.

இந்த ஆட்டத்தில் சாவு எப்படி வரும்? ஆரம்ப காலத்தில் உயிர்ப் புள்ளி பூஜ்யத்துக்கு வந்தால் ஆள் காலி, அவ்வளவுதான். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு கொஞ்சம் இரக்கம் காட்டியது. விழுந்தவர் தன் முறை வரும்போதெல்லாம் பகடை போட வேண்டும். 10-ம் அதற்கு மேலும் விழுந்தால் வெற்றி, கீழே விழுந்தால் தோல்வி. மூன்று வெற்றி முதலில் வந்தால் உயிர் நிற்கும், மூன்று தோல்வி முதலில் வந்தால் போச்சு. 1 விழுந்தால் இரண்டு தோல்விக் கணக்கு, 20 விழுந்தால் உடனே எழுந்து உட்காரலாம். யாரும் உதவிக்கு வராவிட்டாலும் நூற்றில் ஏறக்குறைய 60 தடவை பிழைத்துவிடலாம்.

நான் என்ன செய்தேன் என்றால், பரபரப்பாக இருக்கட்டுமே என்று அந்தப் பகடையை மட்டும் அட்டை மறைப்புக்குப் பின்னால் நானே போட்டேன். அங்கேதான் சனி பிடித்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் நாகவல்லி விழுந்தாள். ஏற்கெனவே இரண்டு தோல்வி. மூன்றாவதாக விழுந்தது 4. என் வாய் "பதினாலு" என்றது. மகள் முகத்தைப் பார்த்தேன், சொல்லிவிட்டேன். அப்புறம் குஞ்ஞாலி விழுந்தார். அவருக்கும் அதே நிலைமை. பகடையில் 7. "ஏழு" என்றேன்.

பையன் அழவில்லை. மற்றவர்கள் ஆட, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தான். வாசலில் செருப்பைப் போடும்போது "அங்கிளே, அது ஃபேர் அல்லல்லோ" என்று மட்டும் சொன்னான். தோற்ற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி மகள் கேட்டாள். "அப்பா, எனக்கு நாலுதானே விழுந்துச்சு? நான் பாத்தேன்."

பி.காம். படித்து இருபது வருஷத்துக்கு மேல் பேங்கில் குப்பை கொட்டுகிறேன். ஒரு வவுச்சரில் ஒரு இலக்கத்தை என் இஷ்டத்துக்கு மாற்றியதில்லை. சொந்தக்காரன் லோனுக்கு வந்தால் ஃபைலை இன்னொரு ஆபீசரிடம் தள்ளிவிடுவேன். வீட்டு மேஜையில், நாலு குழந்தைகள் முன்னால், சொந்த மகளுக்காக 4-ஐ 14 ஆக்கினேன்.

எங்களூர் காரைக்குடி. 1939-லிருந்து கம்பன் கழகம் இருக்கிற ஊர். வாலியை ராமன் மறைந்து நின்று கொன்றது சரியா தவறா என்ற வழக்கைக் கேட்டே வளர்ந்தவன் நான். இப்போது யோசித்தால் அதில் வேறொன்று தெரிகிறது. அம்பு பாய்ந்த பிறகும் கம்பன் வாலியின் வாயை அடைக்கவில்லை. கொன்றவனை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க விடுகிறான். ஏன் மறைந்து நின்றாய் என்பதற்கு ராமன் பக்கத்தில் லட்சுமணன் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் அந்தப் பையனுக்கு அந்த இடத்தைக்கூடக் கொடுக்கவில்லையே.

தாயம் ஆடியவர்களுக்கும் தெரியும். காய் வெட்டுப்பட்டால் வெளியே போகும், மறுபடி தாயம் விழுந்தால்தான் உள்ளே வரலாம். கத்துவோம், கட்டத்தைக் கலைப்போம், ஆனால் அநியாயம் என்று சொல்ல மாட்டோம். விதி முன்பே தெரியும், சோழி உருளுவது எல்லார் கண்ணுக்கும் தெரியும். கைகாக்ஸே 1978-ல் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்று பொல்லாத ஒரு கதைப் புத்தகம் போட்டார். அதில் சுவரில் ஒரு பச்சைப் பேய்முகம், வாய் திறந்திருக்கும். உள்ளே ஏறினால் பகடைகூடக் கிடையாது, ஆளே இல்லை. ஆனால் முதலில் ஒரு குச்சியை நுழைத்துப் பார்த்தவன் தப்பிப்பான். சாவு கொடுமையாக இருக்கலாம், ஒளிந்திருந்த கை ஒன்று ஆளைப் பார்த்து முடிவு செய்ததாக இருக்கக் கூடாது.

அடுத்த சனிக்கிழமை நாலு பேரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். ரிசர்வ் பேங்க் இன்ஸ்பெக்‌ஷனுக்குக்கூட இவ்வளவு வியர்த்ததில்லை. "குஞ்ஞாலியை எழுப்பிவிடலாமா?" என்று கேட்டேன். பையன் யோசித்தான். மோகன்லால் நடித்து 2021-ல் வந்த மரக்கார் படத்தை அவன் பார்த்திருக்கிறான். "வேண்டாம் அங்கிள். நிஜக் குஞ்ஞாலியையும் உயிருக்கு ஆபத்தில்லைன்னு வாக்குக் கொடுத்துத்தானே பிடிச்சுக் கொடுத்தாங்க" என்றான். வாஸ்தவம். நாலாவது குஞ்ஞாலி, சாமூதிரியின் வார்த்தையை நம்பிச் சரணடைந்தவர். போர்த்துக்கீசியர் 1600-ல் கோவாவில் அவர் தலையை வெட்டினார்கள்.

மகள் தன் பகடையை மறுபடி போடுகிறேன் என்றாள். பையன்தான் தடுத்தான். "அவள் இருக்கட்டும். ஆனா குஞ்ஞாலி எப்படிச் செத்தார்னு நான்தான் சொல்லுவேன்." சொன்னான். எரிகிற கப்பல், கிழிந்த பாய், கடைசியாக மற்ற மூவரையும் படகில் ஏற்றிவிட்டுத் தள்ளுவது. கால் மணி நேரம் யாரும் குறுக்கே பேசவில்லை. பிறகு அன்றைக்கே, மற்றவர்களுக்குச் சமமான பலத்தோடு, குஞ்ஞாலியின் மருமகனாகப் புது வேஷம் கட்டி உள்ளே வந்துவிட்டான்.

இப்போது எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான். சாவு எப்படி வரும் என்பதை ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுவேன். பெரிய ஆபத்துக்கு முன்னால் ஒரு எச்சரிக்கை உண்டு. செத்தவருக்குக் கடைசி வார்த்தை உண்டு, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அட்டை மறைப்பு பரணுக்குப் போய்விட்டது.

பேங்க் கவுண்டரில் ஒரு போர்டு பார்த்திருப்பீர்கள்: 'இடத்தை விட்டு நகரும் முன் பணத்தை எண்ணிப் பார்க்கவும்.' வாடிக்கையாளர்களுக்காக எழுதியது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். எண்ணிக் கொடுக்கிறவனுக்கும் சேர்த்துத்தான் போலிருக்கிறது.

பி.கு.: மருமகன் குஞ்ஞாலி நேற்று விழுந்தார். பகடையை அவனே மேஜை நடுவில் உருட்டினான். 20!