மலையடிவாரம் வரை மிதிவண்டியில்

கோடை விடுமுறை வந்துவிட்டால் மிதிவண்டிக்கு ஓய்வில்லை. முன்னாளில் பாலும் தீவனக்கட்டும் சுமந்த கறுப்பு வண்டிகளுக்குப் பக்கத்தில், இன்று அகன்ற டயரும் கியரும் ஷாக் அப்சார்பரும் கொண்ட மலை மிதிவண்டிகள் நம் வீட்டுத் திண்ணைகளிலும் சாய்ந்து நிற்கின்றன. வண்டி வந்ததும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “இதைக் காட்டுக்குள் ஓட்டலாமா?” அதற்கு விடை காண விரும்புவோர் ஒருமுறை மகாராஜபுரம் வரை சென்று வருதல் நலம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைச் சாலையில் சென்று, கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பினோம். வத்திராயிருப்பைக் கடந்து மகாராஜபுரத்தை அணுக அணுக, மேற்குத் தொடர்ச்சி மலை நீல மதிலென எழுந்து நிற்கிறது. தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் சாலையோரத்துப் புளியமரங்களும் கோடையின் கொடுமையைத் தணிக்கின்றன. பேருந்தில் விரைவோருக்கு இவை நொடிப்பொழுதில் மறையும் காட்சிகள். மிதிவண்டியில் செல்வோருக்கோ ஒவ்வொரு நிழலும் ஒரு விருந்து. இப்பக்கத்து வயல்களுக்கு நீர் தரும் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள் இம்மலையடிவாரத்திலேயே அமைந்துள்ளன. மலையில் மரம் நின்றால்தான் வயலில் நெல் நிற்கும் என்பதை இங்கே யாரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அப்பால் சாலை தாணிப்பாறையில் முடிகிறது. சதுரகிரி மலைக்குச் செல்லும் அன்பர்கள் அங்கிருந்து வனத்துறையின் விதிகளுக்குட்பட்டுக் கால்நடையாகவே ஏறுகின்றனர். நம் மிதிவண்டியும் அங்கே நின்றுவிட வேண்டியதே. இது இளைஞருக்கு ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆயினும் காரணத்தை அறிந்தால் அவர்களும் ஒப்புவர்.

இம்மலைக்காடு 1988ஆம் ஆண்டில் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அவ்வணில் நம் முற்றத்து அணிலைவிடப் பன்மடங்கு பெரியது. கிளைவிட்டுக் கிளை தாவி மரங்களிலேயே வாழ்வது. 2021ஆம் ஆண்டில் இச்சரணாலயமும் மேகமலைக் காடுகளும் இணைந்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் ஆயின. வைகைக்கு நீர் தரும் காடுகளும் இதனுள் அடங்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துள் அனுமதியின்றி நுழைதல் குற்றமாகும்.

மலை மிதிவண்டி பிறந்த இடமே ஒரு காட்டுப்பாதை அன்றோ என்று சிலர் வாதிடுவர். உண்மைதான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மாரின் பகுதி மலைகளில் தீயணைப்பதற்காக வெட்டிய மண்பாதைகளில், இளைஞர் சிலர் பழைய தடித்த டயர் வண்டிகளை இறக்கி ஓட்டினர். ஒருமுறை இறங்குவதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் புகைந்து போகும். மீண்டும் புதிதாக அடைக்க வேண்டும். அதனால் அப்பாதைக்கு ‘ரீபேக்’, அதாவது ‘மறுபடி அடைத்தல்’, என்றே பெயர் வந்தது. அங்கே முதற்பந்தயம் நடந்தது 1976 அக்டோபரில். இருபதே ஆண்டுகளில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு பந்தயமாகவும் இடம்பெற்றது. ஆனால் பிறந்த அம்மலைகளிலேயே பின்னர் ஒற்றையடிப்பாதைகள் பல மிதிவண்டிக்கு அடைக்கப்பட்டன; வேக வரம்பும் விதிக்கப்பட்டது.

மிதிவண்டிக்குச் சத்தமில்லை, இறக்கத்தில் வேகமோ மிகுதி. இவ்விரண்டும் சேர்ந்தால் காட்டில் ஆபத்து. 2016 ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் காட்டுப்பாதையில் விரைந்த ஒருவர், வளைவில் கரடி ஒன்றின்மீது மோதி, அதன் தாக்குதலில் உயிரிழந்தார். நம் மலையிலோ யானையும் கரடியும் சிறுத்தையும் உண்டு. கோடையில் நீர் வற்றும்போது அவை எஞ்சிய சுனைகளை நாடி வருகின்றன. அவற்றின் தாகத்துக்கும் தண்ணீருக்கும் இடையே நம் பொழுதுபோக்கு புகலாமா? மேலும் கோடைச் சருகு ஒரு பொறிக்குக் காத்திருக்கிறது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் எழுந்த காட்டுத்தீ, மலையேறச் சென்றோரில் இருபதுக்கும் மேற்பட்டவரைப் பலிகொண்டதை நாம் மறக்கலாகாது.

ஆகவே பெற்றோரே, பிள்ளைகளின் ஆர்வத்தை அணைத்துவிட வேண்டாம். அதற்கு நல்வழி காட்டுங்கள். விடியற்காலையில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்பும்படி, காட்டுக்கு வெளியேயுள்ள ஊர்ச்சாலைகளிலும் கண்மாய்க்கரைகளிலும் குடும்பமாகச் சென்று வாருங்கள். குடிநீரும் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் உடன் இருக்கட்டும். சீமைக்கருவேல முள்ளுக்கு எந்த டயரும் உறவில்லை! வழியில் நுங்கு கிடைத்தால் இறங்கி உண்ணுங்கள். தோப்புக்காரர் ஒருவரிடம் யானை வந்துபோன கதையைக் கேளுங்கள். பாடநூலில் இல்லாத பாடம் அது.

எங்கும் செல்லக்கூடிய வண்டியைப் பிள்ளைக்கு வாங்கித் தருவது எளிது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கற்பிப்பதே அரிது. அக்கல்விக்கு மகாராஜபுரத்து மலையடிவாரத்தைவிட ஏற்ற பள்ளி வேறெங்கு உண்டு?