விரலுக்கேற்ற தோட்டா

பெங்களூர் பீன்யாவின் பட்டறைகளில் நூறில் ஒரு மில்லிமீட்டர் சாமானிய விஷயமல்ல. ஷாஃப்ட் அந்த அளவுக்குத் தடித்துவிட்டால் பேரிங்கில் ஏறாது. சரக்கு திரும்பி வரும், சூப்பர்வைசரின் குரல் உயரும். சேலம், தர்மபுரிப் பக்கமிருந்து வந்து லேத் முன்னால் நிற்கும் தமிழர்களுக்கு இது பழகிப்போன பாடம். துப்பாக்கி சுடும் வீரர்களுக்கும் இதே நூறில் ஒன்று முக்கியம். 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கான ஈயப் பெல்லட்டுகள் 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று தலையின் விட்டம் குறித்த டப்பாக்களில் தனித்தனியாக விற்கப்படுகின்றன. எது தன் குழலுக்குப் பொருந்துகிறது என்று சுட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

ஆகவே, மைக்ரோமீட்டர் பிடித்த கை ஒன்று பிஸ்டல் பிடிக்க ஆசைப்பட்டால் அதில் வியப்பில்லை. அடுத்து வரும் கேள்விதான் சிக்கல்: எந்த காலிபர்?

சினிமா பார்த்து வளர்ந்த மனம் பெரியதைத்தான் கேட்கும். ஓட்டை பெரிதானால் புள்ளியும் கூடும் என்ற கணக்கும் மேலோட்டமாகச் சரியாகத் தெரிகிறது. இலக்கு அட்டையில் உள்வளையத்தின் கோட்டைத் தோட்டா தொட்டாலே கூடுதல் புள்ளி கிடைக்கும். பருத்த தோட்டா எளிதில் தொடும் அல்லவா?

இங்கேதான் விதி குறுக்கே நிற்கிறது. சர்வதேச துப்பாக்கி சுடும் சம்மேளனத்தின் 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரை எந்த காலிபரும் அனுமதி. ஆனால் சந்தேகத்துக்குரிய ஓட்டைகளை அளக்கும் கேஜ் எல்லோருக்கும் ஒன்றே: 9.65 மில்லிமீட்டர். பாயிண்ட் 32-ல் சுட்டவருக்கும் பாயிண்ட் 38-க்குரிய வளையம்தான். பெரிய தோட்டாவால் காலணா லாபமில்லை.

நஷ்டம் மட்டும் உண்டு. போட்டிகளில் பயன்படும் பாயிண்ட் 22 தோட்டா சுமார் 2.6 கிராம். பாயிண்ட் 32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் ஏறக்குறைய 6.4 கிராம். பாயிண்ட் 38 ஸ்பெஷல் 9.6 கிராம். வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், பாயிண்ட் 22-ஐவிட 32-ன் உதை சுமார் இரண்டு மடங்கு, 38-ன் உதை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அறுபது முறை அந்த உதையை வாங்கும் மணிக்கட்டு சோர்ந்துபோகும். அதைவிட மோசமானது பயம். வெடிக்கப் போகிறது என்று தெரிந்து விரல் முன்கூட்டியே சுண்டினால் குழல் தாழும், குறி தவறும். அதனால்தான் சென்டர் ஃபயரில் தேர்ந்தவர்கள் பலர் பாயிண்ட் 32-க்கு வந்து சேர்ந்தார்கள். தட்டையான முகம் கொண்ட வாட்கட்டர் தோட்டா அட்டையைக் கிழிக்காமல், பஞ்ச் போட்டது போல வட்டமாக வெட்டும் என்பது கூடுதல் வசதி.

பட்டறைக்காரரை எரிச்சலூட்டக்கூடிய ஒரு விஷயமும் உண்டு. டிராயிங்கில் என்ன அளவோ அதுவே பொருளிலும் இருக்க வேண்டும் என்பது அவர் தர்மம். துப்பாக்கி உலகில் பெயர் வேறு, அளவு வேறு. பாயிண்ட் 38 ஸ்பெஷலின் தோட்டா உண்மையில் 0.357 அங்குலத்தை ஒட்டியதுதான். பழைய பெயர்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. பெயரை நம்பித் தோட்டா வாங்கக் கூடாது. குழலில் பொறித்திருக்கும் முழுப் பெயரைப் படிக்க வேண்டும்.

இந்தியாவில் காலிபரைத் தேர்ந்தெடுப்பது பாதிதான் சுடுபவர் கையில் இருக்கிறது. மீதி சட்டத்தின் கையில். உலகெங்கும் ஓடிச் சுடும் போட்டிகளில் கோலோச்சும் 9 மில்லிமீட்டர், இங்கே தடைசெய்யப்பட்ட வகை. சாதாரண உரிமத்தில் கிடைக்காது. 21 வயது நிறையாதவருக்கு உரிமமே இல்லை, பயிற்சிக்கு மட்டும் விதிவிலக்கு. 2019-ல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. தேர்ந்த வீரர்களுக்குத் தனிச் சலுகை இருக்கிறது, ஆனால் தேர்ந்த பிறகுதானே சலுகை? தேர்வதற்கு வழி?

வழி 4.5 மில்லிமீட்டரில் இருக்கிறது. 2016-ன் ஆயுத விதிகள்படி, அந்தக் குழல் அளவையும் 20 ஜூல் ஆற்றலையும் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் ஆற்றல் ஆறு ஜூல் அளவில்தான். ஆனால் அதன் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். 25 மீட்டர் அட்டையில் அதே வட்டம் 50 மில்லிமீட்டர். சின்னத் துப்பாக்கி என்றால் சுலபமான போட்டி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இதன் சமூகப் பொருள் கவனிக்கத்தக்கது. ஐந்து ஒலிம்பிக்குகளில் சுட்ட கர்ணி சிங், பிகானீர் மகாராஜா. துப்பாக்கியும் தோட்டாவும் தோட்டமும் வைத்திருந்தவர்களின் ஆட்டமாகவே இது நெடுநாள் இருந்தது. பிஸ்டலில் இந்தியா பெற்ற ஒலிம்பிக் பதக்கங்களைப் பாருங்கள். 2012-ல் லண்டனில் ராணுவ வீரர் விஜய் குமார் வென்ற வெள்ளி பாயிண்ட் 22-ல் வந்தது. 2024-ல் பாரிஸில் மனு பாக்கர் வென்ற இரண்டு வெண்கலங்களும் (ஒன்று சரப்ஜோத் சிங்குடன்) 4.5 மில்லிமீட்டரில் வந்தவை. மனுவுக்குப் பயிற்சி தந்த ஜஸ்பால் ராணாவோ 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் சென்டர் ஃபயரில் தங்கம் வென்றவர். பெங்களூரையே எடுத்துக்கொண்டாலும், மென்பொருள் வேலையிலிருந்து வந்த பிரகாஷ் நஞ்சப்பா 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் பெற்ற வெள்ளி ஏர் பிஸ்டலுக்குத்தான்.

இதற்காகக் கதவு முழுதாகத் திறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. போட்டித் தரமுள்ள வெளிநாட்டு ஏர் பிஸ்டல் ஒன்றின் விலை லட்சத்தைத் தாண்டும். பட்டறைச் சம்பளத்தில் அது எத்தனை மாதச் சேமிப்பு என்பதை அவரவர் வீட்டுக் கணக்கு சொல்லும். கிளப்பின் பொதுத் துப்பாக்கியில் பழகலாம், முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்கும் ஒரு பயிற்சி உண்டு. பெல்லட் இல்லாமல், வெற்றுச் சுவரை நோக்கி, குறிமுனை அசையாமல் விசையை இழுத்துப் பழகுவது. பைசா செலவில்லை. மேல்நிலை வீரர்களும் தினமும் செய்வது அதைத்தான்.

விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள். துப்பாக்கியிலும் அதுவே நியாயம். முதலில் 4.5, கை நின்றபின் பாயிண்ட் 22, போட்டியும் உரிமமும் கைகூடினால் பாயிண்ட் 32. இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பெரியதில் தொடங்குபவர் வாங்கிச் சேர்ப்பது துப்பாக்கியை மட்டுமல்ல, விரலில் ஒரு நடுக்கத்தையும்தான். துப்பாக்கியை விற்றுவிடலாம். நடுக்கத்தை விற்க முடியாது.