மறுபடி குடித்தவரின் முதல் நாள்

குடியை நிறுத்தியவர் மறுபடி குடிப்பதை மருத்துவம் குடிநோயின் போக்கில் ஒன்றாகவே பார்க்கிறது. குடியிலிருந்து மீள்வோருக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) அமைப்பே அப்படியொரு சறுக்கலுக்குப் பின் பிறந்ததுதான். 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஏற்கெனவே குடியை விட்டிருந்த பில் வில்சனைச் சந்தித்துக் குடியை விட்டார் மருத்துவர் பாப் ஸ்மித். சில வாரங்களிலேயே மருத்துவ மாநாட்டுக்காக அட்லாண்டிக் சிட்டி போனவர், மூக்குமுட்டக் குடித்துத் திரும்பினார். வில்சன் கூடவே இருந்து தேற்றினார். அறுவை சிகிச்சை செய்யவேண்டிய நாளில் ஸ்மித்தின் கைநடுக்கம் அடங்க ஒரு பீர் கொடுத்தவரும் அவரே! அதுதான் கடைசி. அந்த ஜூன் 10 அமைப்பின் தொடக்க நாளானது. 1950இல் இறக்கும்வரை ஸ்மித் குடிக்கவில்லை.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய அறக்கட்டளை குடிநோயாளிகளுக்காக நடத்தும் டி.டி.கே. மருத்துவமனை அடையாறு இந்திரா நகரில் இருக்கிறது. மேற்கே பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடிக்காரர் அங்கே போக நகரத்தையே கடக்க வேண்டும். டாஸ்மாக் அவ்வளவு தூரமில்லை.

ஏஏ கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. சறுக்கியவர் நாள்கணக்கை ஒன்றிலிருந்து தொடங்குவார். குடிக்கத் தோன்றினால் போன் செய்ய, முன்பே மீண்ட ஒருவர் ஸ்பான்சராக இருப்பார். ஆனால் தினமும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். முதல் சில நாட்களுக்கு மருத்துவர் கண்காணிப்பு தேவை.